பல்லைக் கடித்துக்கொண்டு

எங்கள் லிஃப்டுக்குள் ஒரு தகரப் பெட்டி.
காசு போட்டால்தான் மேலே போகும்.
இருபது வருடமாக
கோட்டுப் பையில் சில்லறை இல்லாமல்
நான் வீடு திரும்பியதில்லை.

மார்ச்சில் பொத்தானைத் தொடப் பயந்து
படியேற ஆரம்பித்தேன்.
நூற்று இருபத்தாறு படி.
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கும்.
கைப்பிடியைப் பிடிக்கவும் பயம்,
சுவரில் சாயவும் பயம்,
நடுவில் நிற்பேன்,
திருட வந்து வழி மறந்தவள் மாதிரி.

நான் பல் மருத்துவர். பெயர் மக்வாலா.
அடுத்தவர் வாய்க்குள் பிழைப்பு.
முதலில் அதைத்தான் மூடினார்கள்.

திபிலிசி அந்த வசந்தத்தில்
இரவு ஒன்பதுக்கெல்லாம் விளக்கணைத்த கடைபோல் கிடந்தது.
ஆற்றின் சத்தம் எட்டாம் மாடிவரை வரும் என்று
எனக்கு நாற்பத்தேழு வயதில் தெரிந்தது.
எதிர்க் கட்டடத்தில் யாரோ கயிற்றில் வாளி இறக்கி
ரொட்டி வாங்கினார்கள்.
வாளி மேலே போகும்வரை
கடைப் பையன் அண்ணாந்து பார்த்தபடி நிற்பான்.
நானும் பார்த்தேன், தினமும்,
வேலை மெனக்கெட்டு.

பிறகு போனில் வாய்கள் வரத் தொடங்கின.
டார்ச் அடித்து, கோணலாய்,
மங்கலாய் எடுத்த படங்கள்.
மினி பஸ் ஓட்டும் நுக்சாருக்குக்
கீழ்க் கடைவாய்ப்பல்லில் விரிசல்.
"எதையும் கடிக்கவில்லை டாக்டர்,
ரொட்டிதான். அதுவும் நனைத்து."
வங்கிக்காரி ஒருத்தி, இரண்டு பல்.
கல்யாணம் தள்ளிப்போன ஒரு பெண்,
முன்பல்லின் ஓரம்.
ஒரே வாரத்தில் பதினொரு விரிசல்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று
எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன காலம்.
இவர்கள் நிஜமாகவே இருந்துவிட்டார்கள்,
தூக்கத்திலும்.

"இரவில் தூங்குகிறீர்களா?" என்று
நுக்சாரிடம் கேட்டேன்.
வழக்கமாய்க் கேட்பதுதான்.
ஆனால் வழக்கமாய்
என் இரண்டு விரலும் ஒரு கண்ணாடியும்
அவர்கள் வாய்க்குள் இருக்கும்.
ஆ, ஊ என்பார்கள்,
நான் தலையாட்டிவிட்டு அடுத்த பல்லுக்குப் போவேன்.
யோசித்துப் பார்த்தால்,
பதில் சொல்ல முடியாதவர்களிடமே
இத்தனை வருடமும் நலம் விசாரித்திருக்கிறேன்.

போனில் வாய் சும்மா இருந்தது.
அவர் சொன்னார்.
நாற்பது நிமிடம்.
பஸ் கடன், மாதத் தவணை,
ஓடாத பஸ்ஸில் மத்தியானம் போய்
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு வருவது.
இதை மனைவியிடம் சொல்லவில்லை என்றார்.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
இடப்பக்கம் மென்று சாப்பிடுங்கள் என்றேன்.

அதன்பின் சாயங்காலம் ஐந்தானால்
பால்கனியில் நாற்காலி போட்டு
ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.
பல்லைப் பற்றித்தான் தொடங்குவேன்.

ஜூனில் கிளினிக் திறந்தது.
கவசத்துக்குமேல் முகமூடி, முகமூடிக்குமேல் கண்ணாடி.
இப்போது கேள்வி கேட்டால்
கையை வெளியே எடுத்துவிடுகிறேன்.
உதவியாளர் சியூரி கடிகாரத்தைப் பார்ப்பாள்.
ஒரு நாளைக்கு மூன்று பேர் குறைந்துவிட்டார்கள்,
கணக்குப் புத்தகம் அழுகிறது,
அழட்டும்.

லிஃப்டில் இன்றும் ஏறுவதில்லை.
பயம் போய்விட்டது. பழக்கம் தங்கிவிட்டது.
ஐந்தாம் மாடிக்காரர்கள் மீன் பொரிக்கும் நாள் எனக்குத் தெரியும்.
கோட்டுப் பையில் அந்தப் பழைய காசுகள்
படிக்கொரு தரம் கிலுகிலுக்கும்.

ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.
பன்னிரண்டாவது விரிசல் என்னுடையது.
மேல்வரிசை, வலப்பக்கம்.
குளியலறைக் கண்ணாடியில் நானே கண்டுபிடித்தேன்.
அடைத்துக்கொள்ள அரைமணி நேரம் போதும்,
சியூரி கணவரிடம் சொன்னால் அவரே அடைத்துவிடுவார்.

அடைக்கவில்லை.
விளக்கணைத்துப் படுத்ததும்
நாக்கு தானாக அங்கே போகிறது,
தடவிப் பார்க்கிறது.
பல்வரிசை இரண்டும்
ஒன்றையொன்று தொடாமல் இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துவிட்டு
தூங்கப் போகிறேன்.